காரணம் கூறாத கருவியும் காரணம் கேட்கும் நோயாளரும்

மருத்துவமனையிலிருந்து பெற்று வரும் அறிக்கைகளில் அண்மைக் காலமாக ஒரு புதிய வரி இடம்பெறத் தொடங்கியுள்ளது. மார்பு எக்ஸ்ரே, சி.டி. ஸ்கேன், மேமோகிராம், விழித்திரைப் படம் ஆகியவற்றின் முடிவுகளுக்குக் கீழே, செயற்கை நுண்ணறிவின் துணையுடன் ஆய்வு செய்யப்பட்டது என்ற பொருள்பட அவ்வரி அமைந்திருக்கும். கருவி பயன்பட்டும் அவ்வரி இடம்பெறாத அறிக்கைகளும் உண்டு. காசநோயைக் கண்டறியும் முதற்கட்டச் சோதனையில், 15 வயதும் அதற்கு மேலும் உள்ளோரின் மார்பு எக்ஸ்ரேயை மனிதருக்குப் பதிலாகக் கணினி மென்பொருளே பார்த்துக் கூறலாம் என்று உலகச் சுகாதார நிறுவனம் 2021-ஆம் ஆண்டிலேயே பரிந்துரைத்துவிட்டது. ஆகவே நோயாளரும் அவர்தம் குடும்பத்தாரும் இக்கருவிகளைப் பற்றிச் சிறிதேனும் அறிந்திருத்தல் வேண்டும். அவற்றின் அறநெறிச் சிக்கல்களுள் முதன்மையானது எதுவோ அதனை மட்டும் இக்கட்டுரை எடுத்துக்கொள்கிறது. கருவி தான் கண்ட முடிவுக்குக் காரணம் கூறுவதில்லை என்பதே அது.

‘எனக்கு இந்த நோய்தான் என்று எப்படித் தெரிந்தது?’ என்று மருத்துவரிடம் கேட்டால் அவர் ஏதேனும் ஒரு விடை தருவார். படத்தை ஒளிப்பலகையில் வைத்து, வலப்பக்கக் கீழ்ப்பகுதியில் படர்ந்துள்ள வெண்மையைச் சுட்டிக்காட்டுவார். மூன்று நாளாக நீடிக்கும் காய்ச்சலையும், இரத்தத்தில் கூடியிருக்கும் வெள்ளணுக்களையும் குறிப்பிடுவார். அவ்விடை தவறாகவும் இருக்கக்கூடும். ஆயினும் இன்னொரு மருத்துவர் அதே படத்தைப் பார்த்து, ‘அந்த வெண்மை பழைய தழும்பு’ என்று மறுத்துரைக்க இயலும். காரணம் வெளிப்படையாக இருப்பதால்தான் தவறும் வெளிப்படுகிறது. அதே வினாவைக் கருவியிடம் கேட்டால், நிமோனியா இருக்கும் வாய்ப்பு 0.87 என்பது போன்ற ஓர் எண்ணே கிடைக்கும். அந்த எண்ணை மறுப்பதற்கு எதைப் பற்றிக்கொள்வது? இக்காரணத்தால்தான் இத்தகைய கருவிகளை ஒளிபுகாக் கருவிகள் என்றும் கறுப்புப் பெட்டிகள் என்றும் வல்லுநர்கள் அழைக்கின்றனர்.

எண்களால் ஆன அறிவு

இந்த ஒளிபுகாமை எவரும் வேண்டுமென்று உண்டாக்கியதன்று. கருவி கற்கும் முறையிலேயே அது பிறக்கிறது. நீரிழிவால் விழித்திரையில் உண்டாகும் பாதிப்பைக் கண்டறிய கூகுள் நிறுவன ஆய்வாளர்கள் உருவாக்கிய மென்பொருளை எடுத்துக்கொள்வோம். 2016-இல் அதன் முடிவுகள் வெளியாயின. அமெரிக்காவிலிருந்தும் இந்தியாவிலிருந்தும் பெற்ற 1,28,175 விழித்திரைப் படங்களைக் கொண்டு அது பயிற்றுவிக்கப்பட்டது. அரவிந்த் கண் மருத்துவமனை, சென்னைச் சங்கர நேத்ராலயா, பெங்களூரு நாராயண நேத்ராலயா ஆகியவற்றின் நோயாளர் படங்கள் அவற்றுள் அடங்கும். ஒவ்வொரு படத்தையும் மூன்று முதல் ஏழு கண் மருத்துவர்கள் தனித்தனியே பார்த்துத் தரப்படுத்தினர்.

பயிற்சி என்பது இவ்வாறு நிகழ்கிறது. மென்பொருளுக்குள் இரண்டு கோடிக்கும் மேற்பட்ட எண்கள் உள்ளன. ஒரு படத்தை உள்ளிட்டால் அவ்வெண்களோடு பெருக்கியும் கூட்டியும் இறுதியில் ஒரு விடை வருகிறது. விடை தவறானால் எல்லா எண்களும் மிகச் சிறிதளவு திருத்தப்படுகின்றன. அடுத்த படம், மீண்டும் திருத்தம். இவ்வாறு இலட்சக்கணக்கான முறை நிகழ்ந்தபின் மென்பொருள் மருத்துவருக்கு இணையாக விடை கூறத் தொடங்குகிறது. இரத்தக் கசிவு இவ்வாறிருக்கும், கொழுப்புப் படிவு இவ்வாறிருக்கும் என்று எவரும் அதற்குக் கற்பிக்கவில்லை. அது எதனைக் கண்டு முடிவெடுக்கிறது என்பதை அறிய அவ்விரண்டு கோடி எண்களையும் அச்சிட்டுப் படித்தாலும் பயனில்லை. அவை அனைத்தும் கண்ணெதிரே இருக்கும். பொருள் மட்டும் விளங்காது.

இதன் ஆற்றலையும் புதிர்த்தன்மையையும் ஒருசேரக் காட்டும் நிகழ்ச்சி 2018-இல் வெளியாயிற்று. விழித்திரைப் படத்தை மட்டும் பார்த்து, அது ஆணுடையதா பெண்ணுடையதா என்பதை மென்பொருள் கூறிவிட்டது. ஆணின் படம் ஒன்றையும் பெண்ணின் படம் ஒன்றையும் ஒன்றாகக் காட்டினால், எது எவருடையது என்பதை ஏறத்தாழ நூற்றுக்கு 97 முறை சரியாகப் பிரித்தறியும் அளவுக்கு அதன் திறன் இருந்தது. பல ஆண்டுகள் கண்ணையே பார்த்துவரும் மருத்துவர்கள் விழித்திரையில் அத்தகைய வேறுபாட்டைக் கண்டதில்லை. மனிதர் காணாததைக் கருவி காண்கிறது என்பது இதனால் உறுதிப்பட்டது. அது நன்மைக்கும் ஆகலாம். நாம் விரும்பாத ஒன்றைக் கண்டு அதன்மேல் முடிவெடுக்கவும் ஆகலாம். எது நிகழ்ந்தது என்பதை விடையைக் கொண்டு மட்டும் அறிய முடியாது.

ஆஸ்துமா உயிரைக் காத்ததா?

இச்சிக்கலைப் பற்றிப் பேசுவோர் அனைவரும் ஒரு முறையேனும் எடுத்துரைக்கும் வரலாறு ஒன்று உண்டு. செயற்கை நுண்ணறிவு என்ற சொல் பொதுமக்கள் காதில் விழாத 1990-களின் நடுப்பகுதியில், அமெரிக்காவில் அது நிகழ்ந்தது. நோயாளரின் நோக்கில் அதனைச் சற்று விரிவாகவே காண்போம்.

நிமோனியாவுடன் மருத்துவமனைக்கு வருவோருள் யாரைச் சேர்த்துக்கொள்வது, யாரை மாத்திரை கொடுத்து வீட்டுக்கு அனுப்புவது என்பது எங்கும் உள்ள வினா. உயிருக்கு ஆபத்து மிகுந்தோரைச் சேர்த்துக்கொண்டு, ஆபத்து குறைந்தோரை வீட்டிலிருந்தே மருத்துவம் பெறச் செய்தால் படுக்கைகளும் செலவும் மிச்சமாகும். 14,000-க்கும் மேற்பட்ட நிமோனியா நோயாளரின் பதிவேடுகளைக் கொண்டு, யார் இறக்கக்கூடும் என்பதை முன்கணிக்கும் பல்வேறு கணினி முறைகளை ஆய்வாளர்கள் உருவாக்கி ஒப்பிட்டனர். ரிச் கருவானா என்னும் கணினி அறிவியலாளர் அக்குழுவில் இருந்தார். மூளையின் நரம்பணுக்களைப் பின்பற்றி அமைந்த வலைப்பின்னல் என்னும் முறையே மிகத் துல்லியமாகக் கணித்தது. அதன் உட்பொருளை எவராலும் படிக்க இயலவில்லை.

அதே பதிவேடுகளைக் கொண்டு, வாக்கியங்களாகப் படிக்கக்கூடிய விதிகளைக் கற்கும் வேறொரு முறையும் சோதிக்கப்பட்டது. அது துல்லியத்தில் பின்தங்கியது. ஆனால் அது கற்ற விதிகளைப் படித்தபோது ஒன்று அனைவரையும் திகைக்க வைத்தது: நிமோனியா கண்டவருக்கு ஆஸ்துமாவும் இருக்குமானால், அவர் இறக்கும் வாய்ப்பு குறைவு.

மருத்துவம் அறியாதவரும் இது தலைகீழ் என்பார். மூச்சுக்குழல் ஏற்கெனவே நலிந்தவருக்கு நுரையீரலிலும் அழற்சி சேர்ந்தால் ஆபத்து மிகும். எனினும் பதிவேடுகள் பொய் சொல்லவில்லை. ஆஸ்துமா உடையோர் நிமோனியாவுடன் வந்தபோது மருத்துவர்கள் அஞ்சி அவர்களை நேரே தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு அனுப்பினர். அங்கே கிடைத்த இடைவிடாக் கவனிப்பால் அவர்களுள் இறந்தோர் எண்ணிக்கை மற்றவர்களைக் காட்டிலும் குறைந்தது. கணினிக்கு இறுதி எண்ணிக்கை தெரியும். இடையில் மருத்துவரும் செவிலியரும் இரவு பகலாகச் செய்த பணி தெரியாது. எனவே காப்பாற்றிய பெருமையை அது ஆஸ்துமாவுக்கே அளித்துவிட்டது.

இனி, இவ்விதியைச் செயற்படுத்தினால் என்ன நேரும் என்று எண்ணிப் பாருங்கள். காய்ச்சலும் இளைப்புமாகத் தாயொருவரை மகன் அழைத்து வருகிறார். ‘அம்மாவுக்குப் பல வருடமாக ஆஸ்துமா’ என்று அவரே பொறுப்போடு சொல்கிறார். அச்சொல் கருவியில் பதிவாகிறது. பதிவானவுடன் தாயின் ஆபத்து மதிப்பெண் இறங்குகிறது. வீட்டுக்கு அழைத்துச் செல்லலாம் என்று விடை வருகிறது. மகன் தாயைக் காக்கச் சொன்ன உண்மையே தாய்க்கு எதிராகத் திரும்புகிறது. யாரும் பொய் உரைக்கவில்லை, யாரும் அலட்சியமாக இருக்கவில்லை, கருவியும் பழுதாகவில்லை.

விதிகளைப் படிக்க முடிந்த முறையில் அந்த ஒரு விதியை அழித்துவிடலாம். வலைப்பின்னலிலும் இதே பாடம் பதிந்திருக்கும் என்பதில் ஐயமில்லை. அதே பதிவேடுகளிலிருந்துதான் அதுவும் கற்றது. ஆஸ்துமாவைப் பற்றி அறிந்தாயிற்று, அதனைத் திருத்திவிடலாம் என்று வைத்துக்கொண்டாலும், நாம் அறியாத வேறு எத்தனை பாடங்கள் அதனுள் உள்ளன? இவ்வினாவுக்கு விடை இல்லாமையால், மிகத் துல்லியமான முறையையே நோயாளரிடம் பயன்படுத்த வேண்டாம் என்று அக்குழு முடிவு செய்தது. பல்லாண்டுகளுக்குப் பின் 2015-இல் கருவானாவும் அவருடைய கூட்டாளிகளும் அதே பதிவேடுகளை உட்பொருள் தெரியும் புதிய கணித முறையால் மீண்டும் ஆராய்ந்தனர். ஆஸ்துமா பற்றிய பிழை மீண்டும் தெரிந்தது. அதே வகையில் இதயநோயும் நெஞ்சுவலியும் ஆபத்தைக் குறைப்பதாகக் காட்டும் பாடங்களும் உள்ளிருந்தமை வெளிப்பட்டது. முன்னர் அவர்கள் கொண்ட அச்சம் வீணானதன்று.

ஆஸ்துமா மதிப்பெண் பட்டியலில் ஒரு சொல்லாக இருந்தது. ஆகவே தேடிப் பிடிக்க முடிந்தது. படங்களில் சொற்கள் இல்லை. நிமோனியாவைக் கண்டறியப் பயின்ற மென்பொருள்களை 2018-இல் சோதித்த அமெரிக்க ஆய்வாளர்கள், எக்ஸ்ரே எந்த மருத்துவமனையில் எடுக்கப்பட்டது என்பதை அவை ஏறத்தாழப் பிழையின்றிக் கண்டுகொள்வதை அறிந்தனர். ஒரு மருத்துவமனையில் நிமோனியா நோயாளர் மிகுதி, மற்றொன்றில் குறைவு என்றால், நுரையீரலைப் பாராமலேயே படம் வந்த இடத்தைக் கொண்டு ஓரளவு சரியான விடை கூறிவிடலாம் அல்லவா? படுக்கைக்கே கொண்டுவரும் நகரும் எக்ஸ்ரே பொறியால் எடுத்த படம் என்றால், அந்நோயாளர் எழுந்து நடக்க இயலாதவர் என்பதும் விளங்கும். தேர்வுக்குப் படிக்காத மாணவன் வினாத்தாளின் அமைப்பைக் கொண்டு விடையை ஊகிப்பது போன்றது இது. தோல் மச்சங்களைப் பார்க்கும் மென்பொருள் ஒன்றை 2019-இல் ஜெர்மானிய மருத்துவர்கள் ஆராய்ந்தபோது, அறுவைக்கு முன் மருத்துவர் தோலில் இடும் ஊதா மைக் குறியே தீங்கற்ற மச்சத்தையும் புற்றுநோயாகக் காட்டச் செய்தது. ஐயமுள்ள மச்சத்துக்கே மருத்துவர் மை இடுவார் என்ற உலக வழக்கைக் கருவி கற்றிருந்தது போலும்.

காரணம் தெரியாத மருந்தை உண்கிறோமே!

இவ்விடத்தில் நியாயமான எதிர்வாதம் ஒன்று எழுகிறது. ஆஸ்பிரின் 1899-இல் விற்பனைக்கு வந்தது. அது உடலுள் எவ்வாறு செயற்படுகிறது என்பதை ஜான் வேன் என்னும் ஆங்கிலேய அறிஞர் 1971-இல்தான் விளக்கினார். அதற்காக 1982-இல் நோபல் பரிசில் பங்கும் பெற்றார். இடைப்பட்ட எழுபது ஆண்டுகளும் உலகமே காரணம் அறியாமல் அதனை உட்கொண்டு தலைவலி தீர்ந்தது. மனித மருத்துவரிலும், அனுபவம் முதிர்ந்தவர் வாசற்படியில் நோயாளரைப் பார்த்தவுடனே ‘இவருக்கு உடம்பு சரியில்லை, உடனே சேருங்கள்’ என்பார். ஏன் என்று கேட்டால் அவராலேயே முழுதும் சொல்ல இயலாது. அவ்வாறிருக்க, கருவியிடம் மட்டும் காரணம் கேட்பது ஏன்? விடை சரியாக இருந்தால் போதாதா?

இவ்வாதத்தில் உண்மை உண்டு. மருத்துவரே இல்லாத சிற்றூரில், காசநோய் ஐயத்தை எழுப்பி மேற்சோதனைக்கு அனுப்பும் மென்பொருள் காரணம் கூறாவிடினும் பயனுடையதே. அது தவறாக ஐயுற்றால் சளிச் சோதனையில் தெளிந்துவிடும். ஆஸ்பிரின் உவமையில் ஒரு குறை இருக்கிறது. மருந்துக்குச் சென்னையில் ஒரு குணமும் சேலத்தில் வேறொரு குணமும் இல்லை. கருவியோ, பயின்ற இடத்தின் படங்களையும் பழக்கங்களையும் சேர்த்தே கற்றிருக்கிறது. இடம் மாறினால் திறனும் மாறலாம்.

அமெரிக்காவில் குருதி நச்சுத்தொற்றாகிய செப்சிஸை முன்னறிவிக்கும் மென்பொருள் ஒன்று நூற்றுக்கணக்கான மருத்துவமனைகளில் பயன்பட்டுவந்தது. அதனை மிச்சிகன் பல்கலைக்கழக மருத்துவர்கள் தம் நோயாளர் 27,697 பேரிடத்தில் தாமே சோதித்து 2021-இல் முடிவை வெளியிட்டனர். செப்சிஸ் கண்டோருள் மூன்றில் இரண்டு பங்கினரை அது தவறவிட்டிருந்தது. அம்மென்பொருளின் உள்ளமைப்பு வணிக உடைமை; வாங்கிய மருத்துவமனைக்கும் முழுதும் திறந்து காட்டப்படவில்லை. கணிதத்தால் விளங்காமை ஒருபுறமிருக்க, வணிக நோக்கால் மறைக்கப்படும் விளங்காமையும் உண்டு என்பதை இது காட்டுகிறது. முன்னதைப் பொறுத்துக்கொள்ள நேரலாம். பின்னதைப் பொறுத்துக்கொள்ள நோயாளருக்கு எக்கடமையும் இல்லை.

எனவே எல்லாக் கருவிகளிடமும் ஒரே அளவில் காரணம் கோரவேண்டும் என்பது எமது கருத்தன்று. கருவியின் விடை நோயாளரை மேற்சோதனைக்கு அழைக்கிறதா, அல்லது அவருக்குக் கிடைக்கவேண்டியதை விலக்குகிறதா என்பதே பார்க்கத்தக்கது. படுக்கை தேவையில்லை, அறுவை தேவையில்லை, இன்னும் ஆறு மாதம் கழித்து வந்தால் போதும் என்பன போன்ற விடைகளைத் திருத்த அடுத்த சோதனை எதுவும் வாராது. நோயாளர் வீட்டுக்குச் சென்றுவிடுவார். அத்தகைய முடிவை எண்ணொன்றை மட்டும் காட்டி எவரும் எடுத்தல் ஆகாது. காரணம் கூறவல்ல ஒரு மனிதர் அதற்குப் பின்னே நிற்றல் வேண்டும்.

சில மென்பொருள்கள் தம் விடையோடு வண்ணப் படமொன்றையும் தருகின்றன. கருவி உற்றுநோக்கிய பகுதி சிவப்பாகவும் மற்றவை நீலமாகவும் இருக்கும். இதனைக் காரணம் என்று கொண்டுவிடலாகாது. கருவி எங்கே பார்த்தது என்பதை அது ஓரளவு காட்டலாம். அங்கே என்ன கண்டது என்பதைக் கூறாது. கருவியின் எண்களையெல்லாம் தாறுமாறாகக் கலைத்தபின்னும் சில முறைகள் ஏறத்தாழ அதே வண்ணப் படத்தையே தருகின்றன என்று 2018-இல் வெளியான ஆய்வொன்று காட்டியது. பார்ப்பதற்கு அழகாக இருப்பதே அதன் ஆபத்து.

மருத்துவர் பார்க்கிறாரே என்னும் ஆறுதல்

‘இறுதியில் மருத்துவர்தாமே கையொப்பமிடுகிறார், பின் என்ன கவலை?’ என்று கேட்கலாம். அக்கையொப்பம் இன்றியமையாதது. ஆனால் கருவி முன்பே கூறிவிட்ட விடை மருத்துவரின் கண்ணையும் வளைக்கக்கூடும். 2023-இல் வெளியான ஜெர்மானிய ஆய்வில், 27 கதிரியக்க மருத்துவர்கள் 50 மேமோகிராம்களைப் பார்த்தனர். அவற்றுள் சிலவற்றுக்குக் கருவியின் விடை என்று வேண்டுமென்றே தவறான தரம் காட்டப்பட்டது. கருவி சரியாகச் சொன்னபோது ஏறத்தாழ நூற்றுக்கு எண்பது படங்களைச் சரியாகத் தரப்படுத்திய அனுபவம் குறைந்த மருத்துவர்கள், கருவி தவறாகச் சொன்னபோது ஏறத்தாழ இருபதையே சரியாகத் தரப்படுத்தினர். அனுபவம் மிக்கோரும் நூற்றுக்கு 45 என்ற அளவுக்கு இறங்கினர். இதனைப் படிப்போர் மருத்துவர்களைக் குறைகூற வேண்டா. காரணம் கூறும் தோழரோடு வாதிட முடியும். காரணம் கூறாமல் உறுதியாக ஓர் எண்ணை நீட்டுவதோடு எவ்வாறு வாதிடுவது? மருத்துவர் முதலில் தாமே படத்தைப் பார்த்து முடிவெழுதி, அதன்பின் கருவியின் விடையைத் திறந்து ஒப்பிடுவது இதற்கு ஒரு நல்ல காப்பு. நேரம் சற்றுக் கூடும். அந்த நேரத்தைத் தருவது மருத்துவமனை நிர்வாகத்தின் பொறுப்பு.

மருத்துவரே இல்லாமல் தானே முடிவு கூறும் கருவிகளும் வந்துவிட்டன. நீரிழிவு விழித்திரை நோயைத் தானாகவே கண்டறியும் கருவியொன்றுக்கு அமெரிக்க உணவு மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2018 ஏப்ரலில் ஒப்புதல் அளித்தது. அங்ஙனம் தானே முடிவெடுக்கும் கருவி தவறினால் அதனை உருவாக்கியோரே பொறுப்பேற்கத் தக்கவர் என்பது அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் நிலைப்பாடு. இந்தியாவில், மருத்துவ ஆராய்ச்சியிலும் சிகிச்சையிலும் செயற்கை நுண்ணறிவைப் பயன்படுத்துவதற்கான அறநெறி வழிகாட்டுதல்களை இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2023-இல் வெளியிட்டது. நோயாளரின் தன்னுரிமை, பொறுப்புடைமை, தரவுகளின் மறைபொருள் காத்தல் முதலியவை அதில் அடிப்படை நெறிகளாக வைக்கப்பட்டுள்ளன. வழிகாட்டுதல் சட்டத்துக்கு இணையாகாது. இருப்பினும் நோயாளர் ஒருவர் வினா எழுப்புவதற்கு அது போதிய நிலைக்களம்.

தாய்லாந்தில் நிகழ்ந்த ஒன்றையும் இங்கே கூறவேண்டும். முன்னர்க் கூறிய விழித்திரை மென்பொருளை அந்நாட்டின் 11 மருத்துவ நிலையங்களில் செவிலியர் பயன்படுத்தியபோது, ஏறத்தாழ ஐந்தில் ஒரு படத்தைத் தரம் போதாதென்று கருவி ஏற்க மறுத்ததாக 2020-இல் வெளியான ஆய்வு கூறுகிறது. பல நிலையங்களில் படம் எடுக்கும் அறையைப் போதிய அளவு இருட்டாக்க வசதியில்லை. செவிலியர் கண்ணுக்குத் தெளிவாகத் தெரிந்த படத்தையும் கருவி மறுத்ததுண்டு. மறுக்கப்பட்டவர் வேறு நாளில் வேறு மருத்துவமனைக்குச் செல்லவேண்டும். அன்றைய கூலி போகும், உடன்வருவோருக்கும் வேலை கெடும். நோயைத் தவறாகச் சொன்னால்தான் தீங்கு என்பதில்லை. ‘ஏற்கவில்லை’ என்ற ஒரு சொல்லைத் தவிர வேறெதுவும் கூறாமையின் விலையையும் எளியவரே செலுத்துகின்றனர்.

நோயாளர் கேட்கத்தக்கவை

இவற்றையெல்லாம் படித்தபின், கருவி பார்த்த சோதனையே வேண்டாம் என்று எவரும் மறுத்துவிடலாகாது. கண் மருத்துவரை ஒருமுறையும் காணாத நீரிழிவு நோயாளருக்கு, காரணம் கூறாத கருவியின் எச்சரிக்கையும் பார்வையைக் காக்கும். வேண்டுவது மறுப்பன்று, வினா.

‘டாக்டர், இந்த முடிவைக் கம்ப்யூட்டர் சொன்னதா, நீங்கள் பார்த்துச் சொன்னதா?’ என்று கேட்பதில் மரியாதைக் குறைவு எதுவும் இல்லை. இரண்டும் என்றால், இரண்டும் ஒத்திருந்தனவா என்று தொடர்ந்து கேட்கலாம். இக்கருவியை நம் ஊர் நோயாளரிடம் சோதித்துப் பார்த்திருக்கிறார்களா என்பது இன்னும் கூர்மையான வினா. மருத்துவரால் உடனே விடைகூற இயலாமற் போகலாம், ஆனால் அவ்வினா நிர்வாகத்தின் காதுக்குச் செல்லும். ‘இப்போதைக்கு ஒன்றும் செய்ய வேண்டியதில்லை’ என்ற முடிவு வந்து, நோயாளரின் உடல்நிலை அதற்கு மாறாகத் தோன்றினால், வேறொரு மருத்துவர் படத்தை நேரில் பார்க்கவேண்டும் என்று கோருவது முற்றிலும் உரிமைக்குட்பட்டது. தம் படங்களும் பதிவேடுகளும் மென்பொருளைப் பயிற்றுவிக்கப் பயன்படுமா என்பதையும் ஒப்புதல் படிவத்தில் கையெழுத்திடும் முன் கேட்டறிதல் நன்று.

குடும்பத்தார்க்கு மட்டுமே இயன்ற பணியொன்றும் உண்டு. கருவிக்குப் படம் மட்டுமே தெரியும். சிறுவயதில் வந்த காசநோயின் தழும்பு, பத்தாண்டுக்கு முன் செய்த அறுவை, உடலில் பொருத்திய உலோகத் தகடு, நூற்பாலையிலோ கல்குவாரியிலோ கழித்த ஆண்டுகள், ஊரில் நாட்டு மருந்து உண்டது ஆகியவை படத்தில் தெரியலாம், தெரியாமலும் போகலாம். தெரிந்தாலும் அவை இன்னவை என்று கருவி அறியாது. அவற்றை மருத்துவரிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள். மாத்திரை அட்டைகளோடு பழைய படங்களையும் எடுத்து வாருங்கள். பலர் அறிக்கைத் தாளை மட்டும் பத்திரப்படுத்திவிட்டு, பெரிய உறையிலுள்ள எக்ஸ்ரே பிலிமையும் ஸ்கேன் குறுந்தகட்டையும் இடத்தை அடைக்கின்றன என்று எறிந்துவிடுகின்றனர். அறிக்கையில் இருப்பது ஒருவர் அல்லது ஒரு கருவி கண்ட முடிவு. இரண்டாம் மருத்துவர் தாமே பார்த்து அதனை ஏற்கவோ மறுக்கவோ மூலப்படம் வேண்டும். குறுந்தகடு தரப்படாவிட்டால் படப்பிரிவின் வரவேற்பில் கேட்டுப் பெற்று, நோயாளரின் பெயரையும் படம் எடுத்த தேதியையும் உறையின் மேல் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.